கட்டைபறிச்சானிலிருந்து கனடா வரை: எந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்?

வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையிடம் தாய் கேட்கும் கேள்வியும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற பிள்ளை தாயிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். "அங்க தண்ணி குடிக்கலாமோ?"

மூதூர் கிழக்கில், கடலும் களப்பும் அருகே கிடக்கிற கட்டைபறிச்சான் போன்ற ஊர்களிலிருந்து இன்று மனிதர்கள் எல்லாத் திசைக்கும் போய் வருகிறார்கள். வீட்டுப்பணிக்கு வளைகுடாவுக்கு, வைத்தியத்துக்கும் கோயில் தரிசனத்துக்கும் தமிழ்நாட்டுக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும். ஆடி, ஆவணியில் அந்தப் பேரப்பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். பயணச் சீட்டு, விசா, உடுப்பு என்று எல்லாம் யோசிப்பவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிப்பது வயிற்றால் போகத் தொடங்கிய பிறகுதான்.

இந்த மண்ணுக்குத் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். 2006 யூலையில் மாவிலாறு அணைக்கட்டின் கதவு மூடப்பட்டதை அடுத்துத்தான் போர் இந்தப் பக்கத்தில் மீண்டும் முழுமூச்சாக வெடித்தது. அந்த ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் கொல்லப்பட்ட அக்சன் பாம் நிறுவனத்தின் 17 பணியாளர்களை யாரும் மறக்கவில்லை. அந்த நிறுவனம் இங்கு செய்துவந்த முக்கிய வேலைகளில் ஒன்று குடிநீரும் சுகாதாரமும். பிறகு வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று நடந்த சனம் திரும்பி வந்து கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் இருந்தது. சம்பூர் மக்களில் பலர் தங்கள் காணிக்குப் போக 2015, 2016 வரை காத்திருந்தார்கள். அத்தனை ஆண்டுகளும் பவுசர் தண்ணீர், கறுப்புத் தாங்கி, வரிசை, வாளி. அனர்த்தகால உதவிக்கான சர்வதேச அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்றும், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. வரிசையில் நின்றவர்கள் அந்தக் கணக்கைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளட்டும்.

அந்த முகாம் காலம் விட்டுப்போன ஒரு தவறான பாடத்திலிருந்து தொடங்கலாம். குளோரின் மணத்தால் பலருக்குப் பவுசர் தண்ணீர் "மருந்துத் தண்ணி". கிணற்றுத் தண்ணீர் இனிக்கும், ஆகவே நல்லது. உண்மை பெரும்பாலும் மறுபக்கம். குழாயிலிருந்து வரும் தண்ணீரில் இலேசாகக் குளோரின் மணப்பது, வழியில் கிருமி புகுந்தாலும் அதைக் கொல்ல மருந்து இன்னும் மிச்சமிருக்கிறது என்பதற்கு அடையாளம். சுவையையும் தெளிவையும் வைத்துத் தண்ணீரை மதிப்பிட முடியாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் செங்கண்மாரிக் கிருமி இருக்கலாம். இலேசாகக் கலங்கி இரும்பு மணக்கும் தண்ணீர் உடம்புக்கு ஒன்றும் செய்யாமலும் போகலாம்.

கொதிக்கவைத்தால் எது போகும், எது போகாது

தண்ணீரால் வரும் தீங்கு இரண்டு வகை. ஒன்று கிருமி. வயிற்றோட்டம், வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரியில் சில வகைகள், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இதில் அடங்கும். இவை அநேகமாக மனித, மிருக மலத்திலிருந்து வருகின்றன. ஒரு குவளையே போதும், சில மணி நேரத்திலோ சில வாரத்திலோ ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். மற்றது இரசாயனம். உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு, ஈயம், ஆர்செனிக், எண்ணெய்க் கழிவு ஆகியவை இந்த வகை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு வார விருந்தாளியை ஒன்றும் செய்யாது. ஆண்டுக்கணக்காகக் குடிப்பவரையும், கைக்குழந்தையையும், கர்ப்பிணியையும்தான் பதம் பார்க்கும்.

நம் அம்மாமார் சொல்லும் "கொதிச்சாறின தண்ணி" முதல் வகைக்குச் சரியான மருந்து. குமிழி விட்டுக் கொதிக்கத் தொடங்கியபின் 1 நிமிடம் போதும். 2000 மீற்றருக்கு மேலான மலைப்பகுதியில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் 3 நிமிடம் விடவேண்டும். கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டு விறகை வீணாக்கத் தேவையில்லை. ஆறவைப்பதும் மூடிவைப்பதும்தான் உண்மையான சோதனை. கொதித்த தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றி, கையோடு குவளையை அமிழ்த்தி எடுத்தால் கொதிக்கவைத்த வேலை வீண்.

இரண்டாம் வகைக்குக் கொதி உதவாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சமிருப்பதில் உப்பும் நைத்திரேற்றும் கூடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றியிருப்பது பழைய செய்தி. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைப்பது ஆபத்து. சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பானது. அந்தத் தண்ணீரை எத்தனை தரம் கொதிக்கவைத்தாலும் எண்ணெய் போயிராது.

வளைகுடா: நல்ல தண்ணீர், கெட்ட தாங்கி

நம் பகுதிப் பெண்கள் அதிகம் போகிற இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

குவைத், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி கடல்நீரை உப்பகற்றி எடுப்பது. ஆலையிலிருந்து வெளிவரும்போது அது சுத்தமானது. சிக்கல் அதற்குப் பிறகு. கட்டடத்தின் அடியிலும் மொட்டைமாடியிலும் உள்ள தாங்கிகளில் அது நாட்கணக்கில் தங்குகிறது. தாங்கியை யாரும் கழுவாவிட்டால், மூடி உடைந்திருந்தால், வெயிலில் தண்ணீர் சூடேறிக் குளோரின் போய்விட்டால், நாட்டின் தண்ணீர் நல்லதாக இருந்தும் அந்த வீட்டின் தண்ணீர் கெட்டது. கோடையில் குளிர்நீர்க் குழாயைத் திறந்தாலே கை சுடும் என்று போய் வந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆகவே அங்கே கேட்கவேண்டியது "இந்த நாட்டில் குடிக்கலாமா" என்றல்ல, "இந்த வீட்டில் எல்லாரும் எதைக் குடிக்கிறார்கள்" என்று. வீட்டுக்காரர் பெரிய போத்தல் வைத்த கூலரில் குடித்தால், பணிப்பெண்ணுக்கும் அதே தண்ணீர்தான் உரியது. குடிநீர் சலுகை அல்ல, வேலை தருபவர் கொடுக்கவேண்டிய அடிப்படை. கேட்கத் தயங்கித் தாகத்தோடு இருப்பதும், குளியலறைக் குழாயில் இரகசியமாகக் குடிப்பதும் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் சமையலறைத் தண்ணீரை இரவில் கொதிக்கவைத்து மூடி, மறுநாளைக்கு எடுத்துவைக்கலாம்.

கட்டட வேலைக்குப் போகும் ஆண்களுக்கு ஆபத்து வேறு. வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பது கிருமியைவிட மோசம். சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனால் உடம்பு காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ்நாடு

ராமேஸ்வரம், திருச்சி, மதுரை, சென்னை. மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று என்பதால் நாம் காவலைக் கீழே வைத்துவிடும் இடம் இதுதான். தமிழ்நாட்டுக்காரர்களே வீட்டுக் குழாயை நேரடியாகக் குடிப்பது குறைவு. நகரங்களில் 20 லீற்றர் "கேன் தண்ணீர்" வாங்குவார்கள், அல்லது வீட்டில் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருப்பார்கள். பல இடங்களில் குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வரும். தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லாமல் போக, வெடிப்புகளின் வழியே சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். இடைவிட்டு வரும் தண்ணீர் எந்த நாட்டிலும் சந்தேகத்துக்குரியதே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி நகரம் லொறித் தண்ணீரில் வாழ்ந்தது நினைவிருக்கும். அப்படியான காலங்களில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விற்பவருக்கே தெரியாது.

போத்தல் வாங்கும்போது இந்தியத் தர முத்திரையையும் ஐ.எஸ். 14543 என்ற இலக்கத்தையும் பாருங்கள். மூடியைத் திருகும்போது வளையம் "டிக்" என்று உடையவேண்டும். உடையாவிட்டால் அது மறுபடி நிரப்பிய போத்தல். இலங்கையில் போத்தல் தண்ணீருக்கு உரிய தரம் எஸ்.எல்.எஸ். 894.

உணவகத்தில் மேசைக்கு வரும் எவர்சில்வர் குவளைத் தண்ணீரைத் தொடாமலே விடலாம். ரசமும் தேநீரும் கொதித்தவை, பயமில்லை. வீதியோரச் சர்பத்தில் பயப்படவேண்டியது சர்பத்துக்கல்ல, உடைத்துப் போடும் ஐஸுக்கு. உறையவைத்தால் கிருமி சாகும் என்ற நம்பிக்கை நம் ஊரிலும் உண்டு. சாகாது, உறங்கும்.

வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இன்னும் கவனம். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் வயிற்றோட்டம் வந்தால் திகதி தள்ளிப்போகும். விடுதிச் செலவு ஏறும், விசா நாட்கள் கரையும். 500 ரூபாய் கேத்தில் ஒன்று பெட்டிக்குள் இருந்தால் இதெல்லாம் இல்லை.

ஐரோப்பாவும் கனடாவும்

இங்கே பதில் சுலபம். குடிக்கலாம். சுவிஸில் குழாயில் வரும் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஊற்றும் நிலத்தடி நீரும். சூரிச் நகரில் மட்டும் 1200க்கு மேற்பட்ட வீதி நீரூற்றுகள் உண்டு, போத்தலை அதில் நிரப்பிக்கொள்ளலாம். லண்டன் தண்ணீர் கடினநீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து "விசம்" என்று பயந்த அம்மாமார் உண்டு. அது சுண்ணாம்பு, உடம்புக்குக் கெடுதி இல்லை. பிரான்ஸ், யேர்மனி, நோர்வே, டென்மார்க், அவுஸ்திரேலிய நகரங்கள், சிங்கப்பூர் எல்லாம் இதே கணக்கு. போன புதிதில் மாதாமாதம் போத்தல் தண்ணீருக்குக் காசு கொட்டிய குடும்பங்கள் பல.

ஆனாலும் சில விடயங்களை மனதில் வைத்திருக்கவேண்டும். பிரித்தானியாவின் பழைய வீடுகளில் சமையலறைக் குளிர்நீர்க் குழாய்தான் நேரடியாகப் பிரதான குழாயிலிருந்து வருவது. குளியலறைக் குழாய் கூரைத் தாங்கியிலிருந்து வரக்கூடும். சுடுநீர்க் குழாயில் கேத்திலை நிரப்பவேண்டாம், சூடான தண்ணீர் குழாய் உலோகத்தைக் கூடுதலாகக் கரைக்கும். 1970க்கு முன் கட்டிய பிரித்தானிய வீடுகளிலும், 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய ரொறன்ரோ வீடுகளிலும் ஈயக் குழாய் இருக்கலாம். குழந்தை உள்ள வீடு என்றால் நகரசபையிடமோ தண்ணீர் நிறுவனத்திடமோ கேட்டுப் பரிசோதிப்பது நல்லது. அதுவரை காலையில் முதல் வரும் தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

யேர்மனியிலோ சுவிஸிலோ குழாயருகே "கைன் ட்ரிங்வாஸர்" என்றோ, பிரான்ஸில் "ஓ நொன் பொத்தாப்ள்" என்றோ எழுதியிருந்தால் அது குடிநீரல்ல. மொழி தெரியாத பெற்றோரைத் தனியே பூங்காவுக்கு அனுப்பும் பிள்ளைகள் இந்தப் பலகையின் படத்தையாவது காட்டிவிடுங்கள்.

வளர்ந்த நாடு என்பதால் மட்டும் தண்ணீர் எப்போதும் பத்திரமென்றில்லை. ஒன்ராறியோவின் வோக்கேட்டன் என்ற சிறு நகரில் 2000 மே மாதம் பெருமழையில் பண்ணைக் கழிவு கிணற்றுக்குள் போய், 7 பேர் இறந்தார்கள், 2000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நம்மவர்கள் நிறைய வாழும் பேர்கனுக்குப் பக்கத்தில் அஸ்கொய் தீவில் 2019 யூனில் மிருகக் கழிவு நீர்த்தேக்கத்தில் கலந்து ஏறத்தாழ 2000 பேர் படுத்தார்கள். இப்படியான நேரத்தில் அதிகாரிகள் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவித்தல் விடுவார்கள். அதை உடனே வாசித்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

வட ஒன்ராறியோவில் நெஸ்கன்தாகா என்ற ஆதிக்குடி ஊருக்கு அந்த அறிவித்தல் வந்தது 1995 பெப்ரவரியில். ஒரு தலைமுறை கடந்தும் அது நீடித்தது. யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த அதே ஆண்டு. ரொறன்ரோவில் குழாயைத் திறக்கிற நம்மவர்களுக்கும் அவர்களுக்கும் ஒரே மாகாண அரசுதான்.

விமானத்தில் போத்தல் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். கழிவறைக் குழாயில் வாய் கழுவவேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடாத விமான நிலையங்கள் இன்னும் பல. வெறும் போத்தலைக் கொண்டுபோய் உள்ளே நிரப்புவது காசையும் மிச்சப்படுத்தும்.

ஊருக்கு வருகிறவர்களுக்கு

"நான் இந்தத் தண்ணியில வளர்ந்தவன், எனக்கு ஒண்டும் செய்யாது." விமானத்தால் இறங்கிய கையோடு மாமா ஒருவர் இப்படிச் சொல்லிக் கிணற்றடிக்குப் போவார். இருபது வருசம் ரொறன்ரோவில் இருந்த வயிறு பழைய வயிறல்ல. சிறுவயதில் செங்கண்மாரி வந்தவருக்கு அந்த ஒரு வகைக்கு எதிர்ப்பு நிற்கலாம், நெருப்புக்காய்ச்சலுக்கு அப்படி நிற்காது. அங்கே பிறந்த பிள்ளைக்கு எதற்குமே எதிர்ப்பு இல்லை. பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்படும் நெருப்புக்காய்ச்சல் நோயாளர்களில் பெரும்பாலானோர் தென்னாசியாவில் உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்தான். சுற்றுலாப் பயணி ஹோட்டலில் போத்தலோடு இருப்பார். உறவினரோ அடுக்களையில் இருப்பார், கொடுத்த குவளையை மறுத்தால் சித்தி கோவிப்பா என்று குடிப்பார்.

நெருப்புக்காய்ச்சலுக்கும் ஏ வகைச் செங்கண்மாரிக்கும் தடுப்பூசி உண்டு, பிரித்தானியாவில் பொதுச் சுகாதார சேவையில் இவை இலவசம். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே கேளுங்கள். இன்னொன்று, ஏ வகைச் செங்கண்மாரி வெளிக்காட்ட 15 முதல் 50 நாள் வரை ஆகும். திரும்பிப் போய் ஒரு மாதத்தில் காய்ச்சல் வந்தால், இலங்கைக்குப் போய்வந்ததை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். விருந்தாளிக்குப் போத்தல் தண்ணீர் வாங்கி வைத்துவிட்டு, அவர்களின் பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீரில் சர்பத் கரைத்துக் கொடுக்கிறோம். பல் தீட்டும் தண்ணீரையும் மறந்துவிடுகிறோம். வீட்டில் ஒரு பானை கொதிச்சாறின தண்ணீர் எல்லாருக்குமாக இருந்தால் யாருக்கும் சங்கடமில்லை. குளோரின் குளிசை பாவிப்பதென்றால் பொதியில் சொன்ன அளவு போட்டு 30 நிமிடம் பொறுக்கவேண்டும், கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிக்கவேண்டும். மண் வடிகட்டியும் சாதாரணப் பூச்சாடி வகை வடிகட்டியும் நுண்ணிய வைரசுகளை நம்பகமாகப் பிடிக்காது. மழை வெள்ளம் வந்த பிறகு எந்தக் கட்டுக்கிணற்றையும் பரிசோதிக்காமல் குடிக்கவேண்டாம்.

மீளக்குடியேறிய காணிகளில் நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த கிணறு வேறு கதை. போர் நடந்த இடங்களில் கைவிட்ட கிணறுகளுக்குள் வெடிபொருட்கள் கிடந்து எடுத்த சம்பவங்கள் உண்டு. சந்தேகமான எதையாவது கண்டால் யாரும் இறங்கவேண்டாம், கிராம சேவகருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். கரையோரத்தில் கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்து உப்பைப் போக்க முயல்வதும் பிழை. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் நாம் கற்றது அது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து கடல்நீரே மேலே ஏறும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 30 மீற்றர் இடைவெளி நல்லது என்பார்கள். சிறு காணிகளில் அது கிடைக்காது என்பதும் தெரியும், அப்படியான கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் வயிற்றோட்டம் வந்துவிட்டால் முதலில் செய்யவேண்டியது இழந்த தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது. மருந்துக்கடையில் ஜீவனி கேளுங்கள். கிடைக்காத இடத்தில் 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கலாம். உப்பு கூடிவிடக்கூடாது, குழந்தைக்கு அது ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். மலத்தில் இரத்தம், இறங்காத காய்ச்சல், குழந்தையின் கண் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாளும் பொறுக்கவேண்டாம், செங்கண்மாரியின் ஈ வகை கர்ப்பிணிகளின் உயிரைக் குடிக்கக்கூடியது.

சொந்தக் கிணற்றை அறிய விரும்பினால் உங்கள் பகுதிப் பொது சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய அலுவலகத்திலோ கேளுங்கள். கிருமிச் சோதனைக்குத் தண்ணீரைக் கண்ட போத்தலிலும் அள்ளிக் கொண்டுபோகக்கூடாது. ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து, அன்றைக்கே கொடுத்துவிடவேண்டும். ஊரில் நிற்கும் ஒரு மாத விடுமுறையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் அம்மாவுக்குச் செய்துகொடுக்கக்கூடிய வேலை இது. அறிக்கையில் நைத்திரேற்று, உப்பு, கிருமி ஆகிய மூன்று வரிகளையும் எஸ்.எல்.எஸ். 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.